கரைமண் தொடவிடாத விருந்து குறித்து ஆழிமுனைத் தூதருக்கு எழுதியது

குன்றின் சுனை வற்றாதிருக்க, குடிகளின் அடுப்பு அணையாதிருக்க, குறும்பொறை நாட்டின் வெண்குடை சாயாதிருக்க. எண்பது ஏரிகளுக்கும் அவற்றின்கீழ் விளையும் நிலத்துக்கும் உரியவராகிய மாமன்னர் செந்நெறி வேளாரின் திருவாய்மொழிப்படி, அவர்தம் கல்விப் பேரமைச்சனாகிய மதியூர்க் கொற்றன், கடலுக்கு அப்பால் ஆழிமுனைத் தலைநகரில் நம் தூதராக வீற்றிருக்கும் காரி அந்துவனாருக்கு விடுக்கும் ஓலை. ஆழிமுனை வேந்தர் நீடு வாழ்க. அவர்தம் பெருங்கல்லூரியும், அதன் ஆசான்மாரும், அவர்கள் வளர்க்கும் மயில்களும் நலமே வாழ்க. வாழ்த்து இத்தோடு முடிந்தது. இனி வரும் வரிகளில் வாழ்த்தைத் தேட வேண்டா.

நீர் ஆடித் திங்களில் எழுதியனுப்பிய ஓலை அவையில் படிக்கப்பட்டது. நம் கல்லூரியில் இன்னும் பட்டம் பெறாத இளநிலை மாணாக்கர் அறுவர், ஓராண்டு அயல்நாட்டுக் கல்வியின் பொருட்டு அங்கு வந்து இறங்கியதையும், இறங்கிய நாள் தொட்டு அவர்களுக்கு நடந்த விருந்துகளையும் பல்லக்கு ஊர்வலங்களையும் பதினொரு ஏட்டில் விரித்திருக்கிறீர். பன்னிரண்டாம் ஏட்டில், அவர்களுள் ஐவர் தத்தம் ஆய்வை ஒன்பதே நாளில் முடித்துவிட்டதாகவும், எயினி என்னும் பெண் மட்டும் சொற்பேச்சுக் கேளாமல் சேற்றில் இறங்கி நாட்டின் மானத்தை வாங்குவதால் அவளை வரும் முழுமதிக் கப்பலில் திருப்பியனுப்ப ஏற்பாடாகிவிட்டதாகவும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறீர். ஒன்பது நாளில் ஆய்வு! அந்துவனாரே, எம் வீட்டில் காணாமற்போன தயிர்ப்பானை மூடியை ஒன்பது நாளாகத் தேடுகிறோம், இன்னும் கிடைக்கவில்லை. யார் காதில் பூச்சுற்றுகிறீர்?

இவ்வேற்பாடு எதற்காகத் தொடங்கப்பட்டது என்பதை நீர் மறந்திருக்கலாம், விருந்து அப்படிப்பட்டது. ஆகவே மறுபடி சொல்கிறேன். முன்பெல்லாம் நம் பிள்ளைகள் கடல் கடந்து போய், அந்நாட்டு ஆசான் சொன்னதைக் கேட்டு, கேட்டதை எழுதி, எழுதியதை இங்கே கொண்டுவந்து ஒப்பித்தார்கள். அதனால் பட்டது போதும் என்றுதான் உடன்படிக்கையில் புதிதாக ஒரு விதி சேர்த்தோம். போகிற ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கேள்வியை இங்கிருந்தே எடுத்துச் செல்ல வேண்டும். அந்நாட்டு நிலத்திலும் நீரிலும் தம் கையாலேயே விடை தேட வேண்டும். கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் தேடிய வழியை எழுதிக் கொண்டுவர வேண்டும். மீசை முளைக்காத பிள்ளைகளுக்கு ஆய்வு எதற்கு, அது நரைத்த தலைகளின் வேலையன்றோ என்று அவையில் எத்தனை பேர் எகிறினார்கள் என்பது உமக்குத் தெரியும். மூன்று மாதம் தொண்டை வற்றக் கத்தி அவர்களை இணங்க வைத்தவன் நான். இப்போது அவர்களெல்லாரும் உம் ஓலையைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

ஆழிமுனையாரின் வழக்கம் எனக்குத் தெரியாததன்று. அந்நாட்டில் விருந்தினர் கையால் ஒரு துரும்பும் எடுக்கலாகாது. விருந்தாளி குனிந்தால் வீட்டுக்காரருக்கு இழுக்கு. விருந்தாளிக்கு வியர்த்தால் தெருவுக்கே இழுக்கு. நல்ல வழக்கம்தான், இருக்கட்டும். ஆனால் கேள்வியோடு போன பிள்ளைகளை என்ன செய்தார்கள்? தேடவிட்டால் களைத்துப் போவார்களே என்று இரங்கி, ஆசான்மாரே உட்கார்ந்து விடையை எழுதி, பட்டில் சுற்றித் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டார்கள். விண்மீன் பார்க்கப் போன மருதன் ஒருநாளும் அண்ணாந்து பார்க்கவில்லை. உப்பளம் பார்க்கப் போனவன் உப்பைச் சோற்றில்தான் பார்த்தான். நீரோ இதைத் தடுக்காமல், பக்கத்தில் நின்று வெற்றிலை மென்றுகொண்டு, தட்டு வெள்ளியா பொன்னா என்று உற்றுப் பார்த்து எழுதியிருக்கிறீர். ஆழிமுனையாரைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை; அவர்கள் அன்பினால் செய்தார்கள். உம்மைச் சொல்ல நன்றாகவே வருகிறது.

மூன்றாண்டுக்கு முன் இதே போல் ஒரு தட்டு வந்ததை நினைத்துப் பாரும். ஆழிமுனையில் ஏரிக்கரை உடைந்ததாகச் செய்தியே இல்லை. நம் நெடுங்கரை ஏரியோ இரண்டு மழை தாங்கினால் மூன்றாம் மழைக்கு உடைகிறது. காரணம் அறிந்து வா என்று அன்று ஒரு மாணாக்கனை அனுப்பினோம். செம்மண் இரு பங்கு, சுட்ட சுண்ணம் ஒரு பங்கு என்று ஓர் ஓலை கொண்டுவந்தான். எழுத்து முத்துமுத்தாக இருந்தது. அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அப்படியே கரை கட்டினோம். அந்தக் கார்த்திகையிலேயே கரை உடைந்து, கீழே இருந்த ஆறு ஊர்களில் பதினொரு பேர் போனார்கள். அவ்வோலையின்படி கட்டுக என்று முத்திரை வைத்தவன் நான். இதை அவையிலும் மறைத்ததில்லை, உம்மிடமும் மறைக்கவில்லை.

எயினி அந்த ஆறு ஊர்களுள் ஒன்றாகிய கீழ்ப்பொறையில் பானை வனையும் சேந்தனின் மகள். அவள் கொண்டுபோன கேள்வி ஒன்றே ஒன்று: ஆழிமுனைக் கரை ஏன் நிற்கிறது? அவளுக்கும் பட்டில் சுற்றிய விடை வந்தது. அதே செம்மண், அதே சுண்ணம். ஒரு சொல்லும் மாறவில்லை. அவள் வணங்கி வாங்கிக்கொண்டு, நேரே கரை வேலை நடக்கும் இடத்துக்குப் போய்விட்டாள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று விழிக்க வேண்டா. அவள் எழுதிய ஏடுகளை அனுப்ப நீர் மறுத்துவிட்டதால், பணிப்பெண் ஒருத்தி வழியாக உப்புப் படகுக்காரரிடம் சேர்த்து அனுப்பியிருக்கிறாள். உம் பன்னிரண்டு ஏட்டைவிட அவளுடைய மூன்று ஏட்டில் செய்தி மிகுதி.

கரையில் மண் சுமக்கும் பேச்சி என்பவளிடம் அந்தப் பட்டோலையைப் படித்துக் காட்டியிருக்கிறாள். பேச்சி சொன்னதை அவள் கேட்டபடியே எழுத, நானும் மாற்றாமல் இங்கே எழுதுகிறேன்: “சுண்ணாம்பா? அது வெத்தலைக்கு, தாயி. இத எழுதுன சாமி கரைப்பக்கம் எட்டியும் பாத்திருக்காது. ஒரு சாண் மண்ணு கொட்டுனா ஆட்டவிட்டு மிதிக்க வைக்கணும். ஆட்டுக் கொளம்பு உள்ள எறங்காம இறுகுன பொறவுதான் அடுத்த கூடை.” அவையில் இதைப் படித்தபோது சிரித்துக்கொண்டிருந்தவர்களே மறுபடி படிக்கச் சொன்னார்கள். நாம் மண்மேல் மண்ணாகக் கொட்டிக்கொண்டே போனோம். ஆழிமுனை ஆசான்மாரோ கட்டி முடித்த கரையின் மண்ணை எடுத்துப் பார்த்தார்களே தவிர, கட்டும்போது வெயிலில் வந்து நின்றதில்லை.

பேச்சி சொன்னாள் என்பதற்காக அந்தப் பெண் அதையும் உடனே நம்பிவிடவில்லை. விருந்து மாளிகையின் பின்புறத்தில் முழங்கால் உயரத்துக்கு மூன்று கரைகள் கட்டினாள். ஒன்று பட்டோலை சொன்னபடி, ஒன்று பேச்சி சொன்னபடி, ஒன்று இரண்டையும் சேர்த்து. மூன்றிலும் நீர் தேக்கினாள். பட்டோலைக் கரை இரண்டாம் நாள் கசிந்து நான்காம் நாள் சரிந்தது. மற்ற இரண்டும் நின்றன. நம் மண்ணில் மணல் மிகுதி. அதற்கு எவ்வளவு நீர் தெளிப்பது, எத்தனை முறை மிதிக்க வைப்பது, என்ன செய்தாலும் அது நிற்குமா என்பது அங்கே பேச்சிக்கும் தெரியாது. அதைப் பார்க்கத்தான், கீழ்ப்பொறையிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன மண்ணால் நான்காவது கரையைத் தொடங்கினாள்.

அன்றைக்குத்தான் மாளிகைக் கண்காணிப்பாளர் அவளுடைய கால்களைப் பார்த்துவிட்டார். விருந்தாளியின் காலில் சேறு! அவர் அழுதேவிட்டாராம். மறுநாளே நான்கு கரைகளையும் மட்டமாக்கி, அந்த இடத்தில் மல்லிகைப் பந்தல் போட்டு, பந்தலுக்கு அவள் பெயரையே சூட்டி, அவளை ஆறு பணிப்பெண்களின் நடுவில் உள்ளே உட்கார வைத்துவிட்டார்கள். வாசலைத் தாண்டவும் விடுவதில்லை. இதை நீர் ‘வேறெவருக்கும் கிடைக்காத பெருஞ்சிறப்பு’ என்று எழுதியிருக்கிறீர். ஐயோ, படித்ததும் தலையில் அடித்துக்கொண்டதில் தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது.

நாட்கணக்கைக் கேளும். மழை தொடங்க இன்னும் அறுபத்தைந்து நாள். இவ்வோலை அங்கு வர எட்டு நாள், அவள் ஆய்வுக்கு இருபது நாள், விடை இங்கு வர எட்டு நாள், கரை கட்ட இருபத்தெட்டு நாள். மிச்சம் ஒரே ஒரு நாள். அவள் விடை வரும்வரை நெடுங்கரையில் ஒரு கூடை மண்ணும் விழக்கூடாது என்று ஆணையிட்டிருக்கிறேன். ஆறு ஊர்க் குடிகளும் வெறுங்கூடையோடு நின்று வானத்தைப் பார்க்கிறார்கள். என்னையும் பார்க்கிறார்கள்.

விருந்தினரை வேலை செய்ய விடுக என்று ஆழிமுனை வேந்தரைக் கேட்டால், கேட்டதே அவருக்கு அவமதிப்பாகும். ஆகவே மாமன்னர் வேறு வழி கண்டார். விருந்தினர் மண்ணைத் தொடலாகாது. சரி, அவள் விருந்தினராக இல்லாவிட்டால்? எனவே இதனால் அறிவிப்பது: எயினிக்கு நம் அரசு அளித்திருந்த அரச மாணாக்கர் என்னும் பட்டமும், அதனால் வந்த விருந்துரிமையும் இந்நாளோடு நீக்கப்பட்டன. அவள் இனி ஆழிமுனைக் கரையில் பேச்சியின் குழுவோடு மண் சுமக்கும் கூலிப்பெண். கூலிப்பெண்ணின் காலில் சேறு கண்டு அழுவார் எந்நாட்டிலும் இல்லை. அவளைக் குழுவில் சேர்ப்பது உம் பொறுப்பு. முழுமதிக் கப்பல் அவளை ஏற்றாமலே புறப்படுக. இவ்வோலையோடு கீழ்ப்பொறை மண் எட்டு மூட்டை வருகிறது. ஒரு பிடியும் குறையாமல் அவளிடம் சேர்க்க. மற்ற ஐவரும் பட்டோலைகளை ஆசான்மாரிடம் நன்றி கூறித் திருப்பிக் கொடுத்துவிட்டு, கேள்வியை முதலிலிருந்து தேடத் தொடங்குக. அழுதால் அழட்டும்.

மகளின் பட்டத்தைப் பறிக்குமுன் தந்தையின் இசைவு வேண்டுமென்று சேந்தனை அவைக்கு வரவழைத்தேன். ஆறு பேர் பணிவிடை செய்யும் பெண்ணைக் கூலிக்காரியாக்கப் போகிறோம் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கைகட்டி நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்: “எம்புள்ள கூடை தூக்குனா என்னங்கய்யா கொறஞ்சு போச்சு? அவ ஆத்தாளத்தான் அந்தத் தண்ணி கொண்டுட்டுப் போயிருச்சு. இந்தத் தடவ கரை நிக்கணும், அம்புட்டுத்தான்.” பதினொரு பேரில் அவள் தாயும் ஒருத்தி என்பதை எயினி தன் விண்ணப்பத்திலும் எழுதவில்லை, இந்த மூன்று ஏட்டிலும் எழுதவில்லை. சேந்தன் சொல்லி முடித்து என்னைக் கும்பிட்டார். என்னை, அந்துவனாரே! இந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

ஆகவே இவ்வோலை கிடைத்த நாழிகையிலேயே நீரே போய் அதை அவளிடம் படித்துக் காட்டி, அவளைக் கரைக்கு அழைத்துச் செல்க. அவள் முடிக்கும்வரை அங்கேயே இருந்து, கேட்கும் ஆட்டையும் நீரையும் இடத்தையும் தருக. உம்முடைய தூதர் சிறப்பும் அதுவரை நிறுத்தி வைக்கப்படுகிறது. எனவே கூடை தூக்க உமக்கும் தடையில்லை. மைத்துனர் என்று நான் இரக்கம் காட்டுவேன் என எண்ண வேண்டா. உம் தமக்கையாரிடம் இந்த ஆணையைச் சொன்னேன். பெரிய கூடையாகக் கொடுக்கச் சொன்னார்.

இறுதியாக ஒன்று. அவள் என்ன எழுதித் தருகிறாளோ அதை அப்படியே அனுப்புக. திருத்த வேண்டா, அழகுபடுத்த வேண்டா, பட்டு வேண்டவே வேண்டா. கீழ்ப்பொறை மண்ணில் கரை நிற்காது என்பதே அவள் கண்ட விடையானால், அதையும் மறைக்காமல் முதற்கப்பலில் அனுப்புக. ஆறு ஊர்களையும் மேட்டுக்கு ஏற்ற எனக்கு நாள் வேண்டும்.

மாமன்னர் திருமுன் படிக்கப்பட்டு, அவர் தலையசைத்து ஏற்க, ஆவணித் திங்கள் மூன்றாம் நாள் குறும்பொறைக் கோட்டையில் முத்திரை இடப்பட்டது. இது மன்னர் ஆணை, மீறுதல் ஆகாது.

மதியூர்க் கொற்றன், கைச்சாத்து.