திருநீறு போட்ட பாட்டில்கள்

என் எஸ்தர் அக்கா,

ஞாயிற்றுக்கிழமை காலை, கடைசி எண்ணிக்கையின்போது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மேல்காட்டுப் பெரியண்ணன் மாமா, அவர் சம்சாரம் நல்லம்மா அத்தை. பாட்டில்களில் இருந்தவர்கள்: ஊற்றுத்தண்ணீரில் விட்ட பத்துத் தாய் நீர்ப்பூச்சிகளில் ஒன்பது. களைமருந்து கலந்த தண்ணீரில் பத்தும்.

மாமாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ஏனுங்க மாப்ள, உங்கூட்டுக்காரி மூணு வாரமா பூச்சி மேய்ச்சு என்ன கண்டா? எம்மருந்துல அத்தனையும் உசுரோட இருக்குது. ஊத்துத்தண்ணியிலதான் ஒண்ணு போயிருச்சு. இனி நான் மருந்தையே குடிக்கலாமாட்ட இருக்குது."

மாமாவின் குச்சிக்கிழங்குக் காட்டில் அடிக்கிற மருந்து, மழையில் கரைந்து நாங்கள் குடிக்கிற ஓடைக்குத்தான் வருகிறது. அடுத்த தெளிப்புக்குள் அவரை நிறுத்தவேண்டும் என்றுதானே நீங்களும் நானும் இதில் இறங்கினோம்?

உங்கள் சொல் நினைவுக்கு வந்தது. "உடனே கொல்ற விஷத்தை யாரும் கண்டுபிடிச்சிடுவாங்க, செல்லாயி. கொல்லாத விஷத்துக்குத்தான் பொறுமை வேணும். பிறப்பை எண்ணு." பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்திவிட்டு வந்து, கடுகளவு நீர்ப்பூச்சியைத் துளிக்குழாயில் எடுக்க எனக்குக் காட்டிக்கொடுத்தீர்கள். எழுத்துக்கூட்டித் தானாகப் படிக்கக் கற்றவளை நம்பி இருபது உயிர்களை ஒப்படைத்தீர்கள்.

நோட்டை மாமா முன் விரித்தேன். மருந்துத் தண்ணீரில் தாய்கள் சாகவில்லை. ஆனால் முதல் குஞ்சே தாமதமாகத்தான் வந்தது. மொத்தத்தில் ஊற்றுத்தண்ணீரில் பிறந்ததில் பாதிகூட இல்லை.

"எழுதினது நீதானே, கண்ணு?" என்றார். "கூடக் கொறச்சு எழுத எத்தன நேரமாகும்?"

நோட்டை அவர் பக்கமாகத் தள்ளினேன். அவரே பக்கங்களைப் பின்னால் புரட்டினார். முதல் தடவை கெட்டுப்போன பக்கத்தில் நின்றார்.

அந்த வெள்ளிக்கிழமை உங்களுக்கு நினைவிருக்கிறதா? விளக்கேற்றிய கையோடு, அம்மன் காக்கட்டும் என்று பாட்டிலுக்கு ஒரு சிட்டிகை திருநீறு போட்டேன். மருந்துத் தண்ணீரில் போட மனசு ஒப்பவில்லை, ஊற்றுத்தண்ணீருக்கு மட்டும். திங்கட்கிழமை அதில் ஏழு செத்துக் கிடந்தன. நான் அழுதேன். நீங்கள் சிரிக்கவில்லை. "உன் சாமியும் கோவிக்காது, என் கர்த்தரும் கோவிக்கமாட்டார். ஆனா இந்தக் கணக்கு செல்லாது. கோடு போட்டு அடிச்சுடாதே, நடந்ததை அப்படியே எழுது. மறுபடி ஆரம்பிப்போம்" என்றீர்கள்.

எழுதியிருந்தேன். இந்தத் தடவை செத்த ஒன்றும், தண்ணீர் மாற்றும்போது என் கையால் நசுங்கியதுதான். அதையும் எழுதியிருந்தேன்.

மாமா விரல் வைத்து அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தார். "சாமி திருநீறு போட்டுக் கொன்னதையே எழுதி வெச்சிருக்கறவ, இதையா பொய்யா எழுதப்போறா?" என்றார். "ஓடையோரம் இந்த வருசம் மருந்தில்ல. கொத்திக் களை எடுத்துக்கறேன்."

"கொத்தறது யாரு? நாந்தானே," என்றார் அத்தை. எல்லோரும் சிரித்தோம்.

அக்கா, சிகிச்சைக்கென்று நீங்கள் பஸ் ஏறியபோது இரண்டாம் தடவையின் ஐந்தாம் நாள். ஜன்னல் வழியாக, "இன்னிக்குத் தண்ணி மாத்திட்டியா?" என்றுதான் கேட்டீர்கள். உங்களை அடக்கம் செய்த அன்றும் தண்ணீர் மாற்றி, குஞ்சுகளை எண்ணி எழுதிவிட்டுத்தான் மலையிறங்கினேன். அதைத் தப்பாக நினைக்கமாட்டீர்கள்.

கிளம்பும்போது அத்தை வாசலில் நின்றார். அவர் மருமகளுக்கு இது ஆறாம் மாதம். "பூச்சிக்கே குஞ்சு கொறையுதுன்னா, மனுசிக்கு என்னாகும் சாமி?" என்று மெதுவாகக் கேட்டார். பாட்டில் சொல்லாததைச் சொல்லாதே என்பீர்களே. "தெரியலீங்க அத்தை. இந்தப் பூச்சி அதைச் சொல்லாதுங்க. பிள்ளை பொறக்கறவரைக்கும் மேல ஊத்துல தண்ணி மொண்டுக்கச் சொல்லுங்க" என்றேன். அவர் முகம் தெளியவில்லை.

பாதி அளவு மருந்தை வைத்து அடுத்த வாரம் மறுபடி ஆரம்பிக்கிறேன். திருநீறு என் நெற்றியோடு நிற்கும். எது நடந்தாலும் அடிக்காமல் எழுதுவேன்.

அத்தைக்கு நான் சொன்னது சரிதானா, அக்கா? வயிற்றுப்பிள்ளைக்காரி காத்திருக்கிறாள். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
செல்லாயி