கிடைத்துவிட்டது என்று சொன்னேன்

மே 6
இன்றும் விசா வரவில்லை. பேத்தி ஷாஜினி கல்லூரிக்குப் போகும்வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். மகன் பிரைட் வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பை ஆகஸ்டில் மூடுகிறார்கள். வேலையோடு அவன் விசா போனால் அவள் விசாவும் போய்விடுமாம். அதனால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பத்து வருஷ விசாவுக்குத் தன் பேரிலேயே போட்டிருக்கிறாள். இங்கே எல்லாரும் அதை பெர்மனென்ட் என்கிறார்கள். கிடைத்தால் ஷார்ஜாவிலேயே படித்து முடிப்பாள். கிடைக்காவிட்டால் — வேண்டாம், எழுத மாட்டேன்.

மே 9
ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். "எனக்க பேத்திக்கு கர்த்தர் பெர்மனென்ட் தந்துட்டாரு." வரவில்லைதான். விசுவாசித்து முன்னாடியே சொன்னால் வந்துவிடும் என்று நினைத்தேன். எல்லாரும் கை தட்டினார்கள். மருமகள் ஜெஸ்மி மட்டும் தட்டவில்லை.

மே 10
"பாட்டி, எல்லாரும் கங்கிராட்ஸ் அனுப்புறாங்க. நான் என்ன ரிப்ளை போட?"
"ஆமென்னு போடு மக்ளே."
சிரிப்பாள் என்று நினைத்தேன்.

மே 19
வந்துவிட்டது. இல்லை என்று வந்துவிட்டது.
பிரைட் இரண்டு தடவை வாசித்தான். காரணம் ஒன்றும் போடவில்லையாம்.
"ஏலே, அவ இங்க உள்ள ஆஸ்பத்திரியிலதான் பொறந்தான்னு சொன்னியா?"
"எம்மா, பொறந்ததெல்லாம் கணக்கில்ல."
கணக்கில்லையா? அப்ப எதுதான் கணக்கு? ரெண்டு வருஷப் படிப்ப பாதியில போட்டுட்டு அவ எங்க போவா? தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறாள். ஊரில் கரண்ட் போனாலே முகம் வாடிவிடும் பிள்ளை.

மே 20
தூக்கமில்லை.

மே 22
ஷாஜினி இன்று கத்திவிட்டாள். "அவங்க நோ சொன்னது கூட பரவால்ல பாட்டி. கிடைக்கலன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் நான்தானே சொல்லணும்?" கதவைச் சாத்திக்கொண்டாள்.
அன்று யாருக்குக் கேட்கணும் என்று சாட்சி சொன்னேன்? கர்த்தருக்கா? முன்வரிசையில் இருந்த ரிட்டையர்டு டீச்சருக்கா? அஞ்சாங்கிளாஸ் தாண்டாத இந்தக் கிழவியின் பேத்தியைப் பாருங்கள் என்று சொல்லத்தானே எழுந்தேன்?

மே 30
ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடத்தும் ஆல்டோ தொடங்கும் முன்னே எழுந்துவிட்டேன். "அன்னைக்கு நான் சொன்னது பொய். விசா வரல்ல. இப்போ இல்லன்னும் சொல்லிட்டாங்க. பிள்ளைகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. தப்பு எனக்க மேலதான்." ஏசி ஓடுவது கேட்டது.
முடிந்ததும் டீச்சர் பக்கத்தில் வந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.
"அன்னபாக்கியம், காலேஜ்ல கேட்டீங்களா? காலேஜே விசா போடும். எனக்க பேத்தி அதுலதான் இருக்கா. நீங்க பெர்மனென்ட்டே கிடைச்சாச்சுன்னு சொன்னீங்கல்ல, பின்ன நான் எதுக்கு வாயத் தொறக்கேன்?"

ஜூன் 3
ஷாஜினி கல்லூரி ஆபீசில் விசாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள். முடிவு சொல்ல நாளாகும் என்றார்களாம். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டில்கூட.

ஜூன் 21
போன் வந்தால் ஓடிப்போய் எடுக்கிறேன். வந்ததெல்லாம் கேஸ்காரனும் தண்ணீர்க்காரனும்.

ஜூலை 2
கல்லூரியில் சரி என்றுவிட்டார்கள். ஒரு வருஷத்துக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்கணும். ஹாஸ்டலில் இருக்கணும். விசாவுக்குப் பொறுப்பேற்கிறவரை இங்கே கஃபீல் என்பார்கள்.
"இனிமே எனக்கு காலேஜ்தான் கஃபீல், பாட்டி."
"கஃபீல் சோறு போடுவாரா?"
"மெஸ் இருக்கு."
"மெஸ்ஸுல மீன் உண்டுமா?"
"அய்யோ பாட்டி, யல்லா, சீக்கிரம் துணிய மடிங்க."
வருஷா வருஷம் இப்படி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருக்கணுமா? இருக்கணும் போல.

ஆகஸ்ட் 27
பிரைட்டும் ஜெஸ்மியும் நானும் ஊருக்கு விமானம் ஏறுகிறோம். அவள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறாள். கையை ஆட்டவில்லை. போனில் யாருக்கோ ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறாள். அழுகையை மறைக்கத்தான்.

செப்டம்பர் 14
மூன்று நாளாக ஷாஜினி கூப்பிடவில்லை என்று ஜெஸ்மி பதறினாள். நான் போன் போட்டேன். பின்னாடி பெண் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம்.
"பாட்டி, நான் அப்புறம் பேசட்டா? இங்க எல்லாரும் வெயிட் பண்றாங்க."
வைத்துவிட்டாள்.
என்ன சொன்னாள் என்று ஜெஸ்மி கேட்டாள். அப்புறம் பேசுவாளாம் என்றேன். மத்தியானம் வரை ஷாஜினி கூப்பிடவில்லை. கூப்பிடும்போது கூப்பிடட்டும் என்று நான் போனை வீட்டில் வைத்துவிட்டு மீன் வாங்கப் போனேன்.