சங்கமம் என்று ஐயர் சொன்ன இடம்

மச்சான்,

உங்கள் மகன் விட்டுப்போன உங்கள் கம்பளியை அடுப்போரம் காயப்போட்டேன். லயத்துக் காம்பரா, இந்த ஒற்றை அறை முழுக்க உங்கள் வாசம். புகையிலையும் மழையும் கலந்த அதே நாற்றம். "இதக் கொண்டுபோய்த் தொலைங்க" என்று எத்தனை முறை எரிந்து விழுந்திருக்கிறேன்! இப்போது அந்த வாசம் வெளியே போய்விடக் கூடாதென்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

என் தங்கச்சி, உங்கள் பெண்டாட்டி பொன்னம்மாவின் அஸ்தியைக் கரைக்க நாம் போன நாள் நினைவிருக்கிறதா? தோட்டத்துக்குக் கீழே இரண்டு ஓடைகள் சேரும் இடம். டவுன் கோயில் ஐயர், "இது சங்கமம், புண்ணிய இடம்" என்றார். நீங்கள் அழுகையை நிறுத்திவிட்டு, "சங்கமம்னா என்னங்க சாமி?" என்று கேட்டீர்கள். எந்த நேரத்தில் எதைக் கேட்பது என்று உங்களுக்கு என்றைக்குத் தெரிந்தது! அவர் பொறுமையாகச் சொன்னார்: வடமொழிச் சொல், 'சம்' என்றால் சேர்ந்து, 'கம்' என்றால் போவது.

"சேந்து போறதுங்களா? அப்ப இவ மட்டும் ஏன் சாமி தனியாப் போறா?"

ஐயர் அஸ்திச் செம்பை எடுத்து உங்கள் கையில் கொடுத்தார்.

திரும்பும் வழியெல்லாம் அந்தச் சொல்லையே சொல்லிக்கொண்டு வந்தீர்கள். நம் பாட்டன்மார் ஊரில் ஆறு சேருமிடத்தைக் கூடல் என்பார்கள் என்றேன். "அதுதான் நல்லாருக்கு. கூடுறதுன்னா வந்து சேர்றது. போற பேச்சே இல்ல பாருங்க" என்றீர்கள். மறுவாரம், தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டும்போது கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்தீர்கள். "என்னையும் அங்கதான் கரைக்கணும். மறந்துறாதீங்க."

மறக்கவில்லை, மச்சான். மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

நீங்கள் கண்ணை மூடியபோது உங்கள் மகனுக்கு இலங்கையை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேற அரசாங்கம் குறித்த நாள் வந்திருந்தது. அஸ்திச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான்.

"ராமேஸ்வரத்துல கரைக்கலாம்னு இருக்கேன் மாமா. அப்பாவ இங்க விட்டுட்டுப் போக மனசு வரல. அவரு ஏதும் சொன்னாருங்களா?"

பிறந்த மண்ணை விட்டுப் போகிற பிள்ளை. அப்பனையாவது கூட்டிக்கொண்டு போகட்டும் என்று பட்டது. "ஒன்னும் சொல்லலப்பா" என்றேன். ஹட்டனில் ரயில் ஏறும்போதும் செம்பை அவன் கீழே வைக்கவில்லை. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பொய் என்னோடுதான் இருக்கிறது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பிரட்டுக் களத்துக்கும் வருகிறது, சாப்பிட உட்கார்ந்தாலும் வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடைக்குப் போய்த் தங்கச்சிக்கு ஒரு பூவைப் போடுகிறேன். நீங்கள் வர மாட்டீர்கள் என்று மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை.