வாசிக்கத் தெரியாமல் கொண்டுபோய்க் காட்டிய அட்டை

786

சாய்ந்தமருது
ஜூலை 9, வியாழன்

அன்பு மகன் நளீருக்கு, வாப்பா உதுமாலெவ்வை தன் கையால் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் உன் மூத்தவள் றுகையா ராத்தாவும் அல்லாஹ் தந்த மூச்சோடும் வயது தந்த முழங்கால் நோவோடும் இருக்கிறோம். அங்கே நீயும் உன் கால்களும் எப்படி என்று அறிய ஆசையாய் இருக்கிறேன். தன் கையால் என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தடவை வாசித்துப் பார். றுகையா எழுதித் தரவில்லை, தபால் கந்தோர் வாசலில் யாரையும் பிடிக்கவில்லை, எழுபத்திரண்டு வயதில் நானே எழுதுகிறேன். இந்தத் தாளை எடுத்து இன்றைக்கு நாலாம் நாள். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் ஒரு பத்து வரி போகும், அதற்குள் விரல் மரத்துவிடும், மூடிவைத்துவிட்டு மறுநாள் தொடங்குவேன். அதனால் ஓரிடத்தில் களைத்தவன் போலவும் ஓரிடத்தில் சந்தோஷக்காரன் போலவும் எழுதியிருந்தால் அது வேறு வேறு நாள் என்று எடுத்துக்கொள்.

இந்த வருஷத் தொடக்கத்திலிருந்து கல்முனையில் வசந்தினி டீச்சர் என்பவர் செவ்வாயும் சனியும் பின்னேரத்தில் வயதானவர்களுக்கு எழுத்துப் படிப்பிக்கிறார், பென்சன் எடுத்தவர், நல்ல பொறுமை. முதல் நாள் நான் கொப்பியைப் பின்பக்கமாகத் திறந்து வலது ஓரத்திலிருந்து எழுதத் தொடங்கிவிட்டேன். குர்ஆன் மட்டும் ஓதப் பழகிய கண் வேறு எந்தப் பக்கம் போகும். டீச்சர் சிரிக்கவில்லை, ஹாஜியார், தமிழ் மத்தப் பக்கத்தாலதான் வரும், இந்த வாசல்ல நிண்டு பாத்திட்டிருக்காதீங்க என்றார். இப்போது பஸ்ஸில் போனால் கண்ணில் படுகிற பலகையெல்லாம் வாய்விட்டு வாசித்துவிடுகிறேன். போன கிழமை கொண்டக்டர் திரும்பிப் பார்த்து, ஹாஜியார், எடம் சொல்றது என்ட வேல, அதையும் நீங்களே செஞ்சா எனக்கு ஆரு சம்பளம் தருவான் என்று கேட்டான். பஸ் முழுக்கச் சிரித்தது, நானும் சிரித்தேன். இவ்வளவு காலமும் இந்த ஊருக்குள்ளே நான் ஊமைப் பலகைகளுக்கு நடுவில் நடந்திருக்கிறேன் மகன்.

நான் வாசிக்கப் பழகினது பலகைக்காக அல்ல. நீ அனுப்புவதை எனக்கென்று தனியே வாசிக்க வேண்டும் என்றுதான். நோன்புக்கு முன்பு நீ அனுப்பிய அந்த அட்டை நினைவிருக்கும், பனிமலையும் கீழே ஒரு குளமும் போட்ட படம். அதை றுகையா என் முன்னால் வாசித்தாள். தம்பி சுகமாம் வாப்பா, கட்டார்லிருந்து கம்பனிக்காரங்க மலை பாக்கக் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம் என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு ஜும்ஆ முடிந்ததும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நேரே சரீப் மச்சான் வீட்டுக்குப் போனேன். உனக்கென்று பேசி வைத்த பெண்ணின் வீடு, அவர்களுக்குக் காட்டாமல் வேறு யாருக்குக் காட்டுவேன். பாருங்க மச்சான், ஒங்கட மருமகன எவ்வளவு பெரிய கம்பனி வச்சிருக்குது எண்டு என்று சொல்லி அட்டையை அவர் கையில் கொடுத்தேன். அவர் பார்த்தார், பின்பக்கம் திருப்பினார், கொஞ்ச நேரம் எடுத்தார், மகள் அப்னாவின் கையில் கொடுத்தார். அவளும் பார்த்தாள். ஓம் மாமா, வடிவான மலை என்று சொல்லித் திருப்பித் தந்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றப் போனாள். நான் இரண்டாவது கோப்பையும் வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன்.

போன மாதம்தான் அந்த அட்டையின் பின்பக்கத்தை நானாக வாசித்தேன். ஐந்து வரி, இரண்டு பின்னேரம் பிடித்தது. ராத்தா, வேலையை விட்டிட்டன், தோளில ஒரு பை மட்டும்தான், எங்க போறன் எண்டு எனக்கே தெரியா, எப்ப வருவன் எண்டும் தெரியா, வாப்பாக்குச் சொல்லாதீங்க. கடைசி வரியை முதலில் நம்பவில்லை, எழுத்துக் கூட்டுவதில் பிழை விட்டேனாக்கும் என்று திரும்பவும் முதலிலிருந்து வாசித்தேன். பிழை இல்லை. வாசிக்கத் தெரிந்த சந்தோஷமும் வாசித்த விஷயமும் ஒரே நேரத்தில் வந்ததால் எதற்கு அழுதேன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. றுகையாவைக் கோபிக்காதே, நானும் கோபிக்கவில்லை, நீ சொன்னதைத்தான் செய்தாள். எனக்கு நெஞ்சைப் பிடித்தது வேறு. அந்த அட்டையை என் கையாலே கொண்டுபோய் அவர்களிடம் வாசிக்கக் கொடுத்துவிட்டு நான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் அல்லவா. நாலு மாதமாக அந்த வீட்டுக்கு எல்லாம் தெரியும். பெருநாளைக்கு நான் போனபோதும் ஒரு சொல் கேட்கவில்லை.

மறுநாளே போனேன். சரீப் மச்சான் முதுகு நோவால் கட்டிலோடு கிடக்கிறார், வைகாசியில் ஏணியிலிருந்து விழுந்ததிலிருந்து அப்படித்தான். ஏன் சொல்லல்ல மச்சான் என்று கேட்டேன். நீங்க சிரிச்சிக்கிட்டு வந்தீங்க, அந்த முகத்தப் பாத்து எப்படிச் சொல்ற என்றார். அப்ப இந்தப் புது வீட்டு வேலய நிப்பாட்டியிருக்கலாமே என்றேன். வீடு என்ட மகளுக்குத்தானே கட்டுறன், மாப்பிள்ளைக்கா கட்டுறன் என்றார். நம் ஊர் வழக்கம் அதுதான், வீடு பெண்ணுக்கு, ஆண்கள் நாமெல்லாம் போய் இருக்கிற ஆட்கள். ஆனாலும் அவர் சொன்ன விதத்தில் எனக்கு நிலத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. கச்சான் காற்று இந்த வருஷம் கடுமை, புதுச் சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றாவிட்டால் வெடித்துவிடும், அவரால் எழும்ப முடியாது. அன்றிலிருந்து நான்தான் ஊற்றுகிறேன். கிணற்றில் அள்ளி வாளியில் தூக்கி நாலு சுவரும் நனைத்து வர ஒரு மணித்தியாலம், பத்து மணிக்குள் காற்று குடித்துவிடும், பின்னேரம் திரும்பவும். அடுத்த வீட்டுக்காரன் வேலியால் எட்டிப் பார்த்து, மாப்பிள்ளைட வாப்பா பொண்ணு வீட்டுச் சுவருக்குத் தண்ணி ஊத்துறத இண்டைக்குத்தான் காணுறன் என்கிறான். நானும்தான் என்றேன். கை ஓய்ந்துவிடுகிறது மகன். இந்தக் கையெழுத்து ஆடுவதற்கு வயது பாதி, வாளி பாதி.

றுகையா பிறகு உன் மற்றச் செய்திகளையும் போனில் காட்டினாள். நேற்றும் இல்லை நாளையும் இல்லை, இப்ப இருக்கிற நிமிஷத்தில மட்டும் இருக்கிறன், அதுதான் எனக்குப் பதினொரு வருஷமாக் கிடைக்கல்ல என்று எழுதியிருந்தாய். உம்மா கேட்டுவிட்டு, மூட்ட தூக்கித் திரியிறதெண்டா நம்மட நெல்லு மூட்ட இஞ்ச கிடக்குதே என்றாள், பிறகு போய் முகம் கழுவினாள். நான் அதை விளங்காமல் இல்லை. பதினொரு வருஷம் வெயிலில் அடுத்தவன் கட்டடத்துக்குக் கம்பி கட்டியவன் நீ, களைப்பு என்னவென்று எனக்குத் தெரியும். இந்தக் கடிதம் எழுதும்போது எனக்கும் அப்படித்தான் இருக்கிறது, ஒரு எழுத்தை வளைக்கிற நேரத்தில் முழங்கால் இல்லை, வயல் இல்லை, கடைசிச் சுழி வந்து சேருமா என்பது மட்டும்தான். இந்த வயதில் எனக்கு அது கிடைத்ததே என்று சுபஹுக்கு எழும்பும்போதே சந்தோஷமாக இருக்கிறது. அதனால் மலையில் நிற்காதே, இறங்கு என்று நான் சொல்லவில்லை. ஹஜ்ஜுக்குப் போகாமலே வாய்ப்பேச்சுக்கு ஹாஜியார் ஆனவன், தெற்கே கோமாரிக்கு அங்காலே போகாத நான் அந்தப் பனியைப் பற்றி என்ன சொல்ல. ஆனால் நீ நிமிஷத்தில் இருக்கிற நேரமெல்லாம் இங்கே ஒரு பெண் மாதக் கணக்கில் இருக்கிறாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு நிக்காஹ் என்று நாம் சொன்ன சொல், பெருநாளும் போய்விட்டது.

போன திங்கட்கிழமை நான் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கையில் அப்னா வந்தாள். வாளியை வாங்கி அவளே ஒரு சுவரை நனைத்தாள். பிறகு சொன்னாள், மாமா, அவர் வரணும் எண்டு நான் கேக்கல்ல, வரமாட்டன் எண்டாலும் அது ஒரு பதில்தானே, அதுகூட இல்லாம இரிக்கிறதுதான் ஏலாம இரிக்கி. அடுத்த மாசம் கதவுக்கு நிலை வைக்கிறம், அதுக்கு முன்ன தெரிஞ்சாப் போதும். கேட்டபோது அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

ஆகவே இதுதான் நான் கேட்பது, வேறொன்றும் கேட்கவில்லை. மழை முடியும் வரை அந்த மலையடியில் கூட்டாளி ஒருவனின் தங்குமடத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டு போனையும் மூடிவைத்து இருக்கிறாய் என்று றுகையா சொன்னாள், அந்த விலாசத்தை அவள்தான் உறையில் இங்கிலீசில் எழுதித் தந்தாள், உள்ளே என்ன என்று அவளுக்குக் காட்டவில்லை. பதிலை எனக்கு எழுது. எனக்கு என்றால் எனக்கு, ராத்தாவுக்கு அல்ல. பெரிய எழுத்தாக, ஒன்றோடு ஒன்று முட்டாமல் எழுது. வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ ஒரு சொல் போதும். வரவில்லை என்றால் நான் உன்னோடு கதைக்காமல் விட்டுவிடுவேன் என்று பயந்து ஒளிக்காதே, நீ என் மகன்தான். கால் நனைந்தால் உடனே துடைத்துக்கொள், உனக்குச் சின்னதிலிருந்தே சளி. தொழுகையை விடாதே, மலையிலும் கிப்லா இருக்கிறது. உம்மாவின் துஆவும் என் துஆவும் உன் பைக்குள் பாரமில்லாமல் கிடக்கட்டும், அல்லாஹ் உன்னைப் பள்ளத்திலும் மேட்டிலும் காப்பாற்றுவானாக.

கொப்பியில் அந்த இரண்டு சொல்லையும் தனித்தனியே ஒரு பக்கம் எழுதிப் பழகிவிட்டேன், எது வந்தாலும் கூட்டாமல் வாசிப்பேன். எந்தச் சொல் வந்தாலும் சரீப் மச்சான் வீட்டுக்கு அதை நானேதான் கொண்டுபோவேன். இந்த முறை வாசித்துவிட்டுக் கொண்டுபோவேன்.

இப்படிக்கு
உன் வாப்பா
ஆ. உதுமாலெவ்வை