அடையாறு என்று சொன்னேன், அண்ணா

அண்ணா,

உன் காரியமெல்லாம் முடிந்து அலமாரியை ஒழித்தபோது அந்த ஸ்டாப் வாட்ச் அகப்பட்டது. கிண்டிப் பந்தயத்தில் குதிரை ஓடும் நேரத்தைப் பார்க்க மாமா வைத்திருந்தது. அதை இரவல் வாங்கித்தான் என் மூளை ஓடும் நேரத்தைப் பார்த்தாய். உன் மருமகள் துடைத்துச் சாவி கொடுத்து, "அத்தை, இன்னும் ஓடறதே" என்றாள்.

ஜப்பான்காரன் குண்டுக்குப் பயந்து ஓடினவர்களெல்லாம் மயிலாப்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். நீ இண்டர்மீடியட். சைகாலஜி வகுப்புக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து வீட்டில் யாராலும் நிம்மதியாகத் தும்ம முடியவில்லை. அதற்கும் ஒரு காரணம் சொல்வாய். ஒரு சொல்லைச் சொன்னால், கேட்பவர் மனதில் தோன்றும் சொல்லை உடனே சொல்ல வேண்டும். அப்படி ஒரு சோதனையை வகுப்பில் சொல்லிக்கொடுத்து, வீட்டில் யாரையாவது வைத்துப் பழகச் சொன்னார்களாம். அம்மா சமையலறையை விட்டு வரவில்லை. நான் மாட்டிக்கொண்டேன்.

நான் தமிழில் பாடம் படித்த நாலாவது பாரத்துப் பெண், இப்போதைய ஒன்பதாம் வகுப்பு. நீ கேட்டது இங்கிலீஷில். பதிலும் இங்கிலீஷிலேயே வேண்டும். 'ரிவர்' என்றாய். சட்டென்று 'அடையாறு' என்றேன். புஸ்தகத்தில் அந்தப் பதில் இல்லை என்று தள்ளிவிட்டாய். அதற்கப்புறம் ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கி, பதிலை யோசித்து, அதை இங்கிலீஷாக்கி முடிப்பதற்குள் முள் எங்கேயோ போயிருந்தது.

சாப்பிடும்போது அப்பாவிடம் சொன்னாய்: "இவளுக்கு புத்தி மந்தம்ப்பா. சைன்ஸே சொல்றது. மேல படிக்க வெச்சா, பாவம், திணறுவா."

அப்பா என்னை நிறுத்தச் சாக்குத் தேடியவர் இல்லை. காலேஜில் சேர்க்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். ஆனால் காலேஜ் பிள்ளை இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பார்த்துச் சொல்கிறான். அதற்கு மேல் அவரிடம் அப்பீல் கிடையாது. அந்தக் கோடை லீவுக்குப் பிறகு நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

நீ அதே படிப்பில் புரொபசர் ஆனாய். ஒருநாள் வீட்டுக்கு வந்த மாணவர்களிடம், "அவாவா பேசற பாஷையிலதான் சோதிக்கணும். இல்லேன்னா அது சோதனையே இல்லை" என்றாய். கணவர் போனபின் உன் வீட்டோடு வந்துவிட்ட நான், பஜ்ஜித் தட்டோடு அங்கேதான் நின்றிருந்தேன். நீ தலை நிமிரவில்லை. ஆக, உனக்குத் தெரிந்துதான் இருந்தது.

பக்கவாதம் வந்தபின் உனக்குச் சொல் வரவில்லை. மற்றவர்கள் "தண்ணியா? போர்வையா?" என்று முந்திக்கொள்வார்கள். நான் மட்டும் எதுவும் கேட்காமல் உன் வாயைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். என் பொறுமையை எல்லோரும் மெச்சினார்கள். பொறுமையாவது ஒன்றாவது. அந்தச் சோதனைப் பேச்சை ஒரு தடவையாவது எடுப்பாயா என்று காத்திருந்தேன், அவ்வளவுதான். கடைசி வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் உதட்டை அசைத்தாய். நான் குனிந்து காதைக் கொடுத்தேன்.

"ஜன்னல்" என்றாய்.

எழுந்து போய்த் திறந்துவிட்டேன். உனக்காக அழவும் அழுதேன். ஆனால் மனசு ஆறவில்லை, அண்ணா. இனி ஆறப்போவதும் இல்லை.