காம்பில்லாத சாமந்தி

பிப்ரவரி 5, வியாழன்

விடியக்காலை பனி. யார்டு விளக்கெல்லாம் மங்கல். செடிக்குத் தண்ணி ஊத்திட்டு ஷிப்டுக்கு ஓட்டம்.

ரயில்வே இன்ஸ்டிட்யூட் பலகையில நோட்டீஸ் ஒட்டிட்டாங்க! ஞாயித்துக்கிழமை பூக்காட்சி. ஜாடி அலங்காரத்துக்கு இதுவரைக்கும் ஆபீசர் வூட்டம்மாங்க மட்டும்தான். இந்த வருஷம் ஒர்க்‌ஷாப் ஆளுங்களும் வைக்கலாமாம். வூட்டுத் தோட்டத்துப் பூ மட்டும். கடைப் பூவுன்னா தள்ளிடுவாங்க.

மூணு வருஷமா ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துகினு இருந்தவன் நான். அந்த நீள மேஜையில என் ஜாடி ஒரே ஒரு தடவை நிக்கணும். ரிவெட் அடிக்கிற கைன்னா இன்னா? பேர் குடுத்துட்டேன்.

பக்கத்து பெஞ்சு மாசிலா: "இன்னா மாமு, பூக்காரி வேலைக்குப் பூட்டியா?" ஷெட்டே சிரிச்சுது. சிரிக்கட்டும் கழுதைங்க.

பிப். 6, வெள்ளி

மஞ்ச சாமந்தி எக்கச்சக்கம். பன்னீர் ரோஜா ஏழு, ரெண்டு மொட்டு. மரிக்கொழுந்து ஒரு பாத்தி.

ஜாடி: மூர் மார்க்கெட்டுல வாங்கின பித்தளை பீரங்கிக் குண்டு உறை, சண்டைக் காலத்துது. புளி போட்டுத் தேய்ச்சேன். பளபளன்னு கீது.

பொண்டாட்டி பிலோ: "குண்டுலயா பூ வைப்பாங்க?" கல்யாணமாகி நாப்பது நாள். தோட்டத்துப் பக்கமே வுடல அவளை. ஒரு பூ கொறைஞ்சாலும் எனக்கு வயித்தெரிச்சல்.

மண்ணெண்ணெய் வாங்கணும். மறந்துட்டேன்.

பிப். 7, சனி

அரை நாள் வேலை. சாக்பீஸால தரையில படம் போட்டுப் பார்த்தேன். ரோஜா நடுவுல உயரமா, சாமந்தி சுத்தி, மரிக்கொழுந்து வெளிய வழியணும்.

நாளைக்கு மாதா கோயில்ல முதல் பூசை முடிச்சு, இன்ஸ்டிட்யூட்டுல போட்டிச் சீட்டு வாங்கினு வரணும். பிலோகிட்ட சொல்லியாச்சு: "போட்டிக்குப் பூவெல்லாம் பறிச்சு வை, வந்துடறேன்." சரின்னா. பரீட்சைக்குப் போற புள்ளை மாதிரி தரைப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்க்கறேன்.

பிப். 8, ஞாயிறு

ஐயோ ஐயோ!

எட்டு மணிக்கு வந்தா, கட்டில் மேல நாலு முழம் சாமந்தி, நெருக்கமாக் கட்டி வச்சிருக்கா. மிச்சமெல்லாம் முறத்துல. அத்தனையும் தலை மட்டும். காம்பு ஒண்ணுகூட இல்ல.

"போட்டின்னா கட்டற போட்டி, குண்டு நம்ம வூட்டுக்குன்னு நெனச்சேன்," அப்டீன்றா. "எங்க காசிமேட்டுல என்னை மாதிரி நெருக்கிக் கட்ட ஆளு ஏது?"

கத்தினேன். கன்னாபின்னான்னு கத்தினேன். அவளும் விடல: "பூவுன்னா கழுத்துல கிள்றதுதான்யா. காம்போட வெட்டறதுக்கு அது இன்னா கொத்தமல்லிக் கட்டா?"

பத்து மணிக்குள்ள ஜாடி மேஜைக்குப் போவணும். கடைப் பூ கூடாது. தலையில கைய வச்சுகினு உக்காந்துட்டேன்.

அவதான் எழுந்தா. கட்டினதைப் பிரிச்சா. புதுத் தொடப்பத்தை உதறி, "ஈர்க்கைச் சீவுய்யா." ஈர்க்கு முனையில நாலு சாமந்தி, சிலதுல ஒரு ரோஜா, சுத்தி மரிக்கொழுந்து, ஈர வாழை நாரால ரெண்டு சுத்து, ஒரு இறுக்கு. என்னா வேகம்! ஒம்பதே முக்காலுக்குப் பதினெட்டு கொத்து.

நின்னுதுய்யா! அந்த மேஜையில, ஆபீசரம்மா டேலியாப் பூ ஜாடிக்குப் பக்கத்துல!

பரிசு சொல்ற டாக்டரம்மா வந்தாங்க. ஒரு கொத்தை உருவினாங்க. "காம்பு எங்கப்பா?"

"பறிக்கறப்ப பூட்டுதும்மா."

"சொந்தக் காம்பு இல்லாம பரிசுக்கு எடுத்துக்க முடியாதே."

வாசல்ல மாசிலா வேற. பூமி பொளந்து உள்ள போயிடலாமான்னு இருந்துது.

டாக்டரம்மா கொத்தைத் திருப்பி வைக்கல. மோந்து பார்த்தாங்க. கொண்டையில செருகிக்கினாங்க. ஈர்க்கு கச்சிதமா நின்னுது. "அட, அசையவே இல்லியே!" பக்கத்து அம்மா, "எனக்கொண்ணு." அப்புறம் ஆளாளுக்கு. அஞ்சே நிமிஷம், ஜாடி காலி! டேலியா ஜாடி முதல் பரிசு ரிப்பனோட தேமேன்னு நிக்குது. ஜெயிச்ச ஆபீசரம்மா கொண்டையில என் ரோஜா!

பிலோ என் முதுகுல ஒரு குத்து. "எல்லாம் தலைக்குத்தானே போச்சு? இதுக்கா காலையில அந்தக் கத்து கத்தின?"

அத்தனை பொம்பளைங்க நடுவுல, மாசிலா கேக்கக் கேக்க, சத்தமாவே சொன்னேன்: "தப்பு என்னுதுதான் தாயே."