நான்கு துளி பெற்றோலும் பதினொரு பரீட்சார்த்திகளும்

அனுப்புநர்:
இளையதம்பி பத்மாசினி,
(மயிலிட்டியிலிருந்து இடம்பெயர்ந்தவர்)
வாசிகசாலைக் கட்டட முகாம்,
புத்தூர்.

பெறுநர்:
உதவிப் பணிப்பாளர் (பரீட்சைகள்),
வடபகுதிக் கைத்தொழிற் பயிற்சிச் சபை,
யாழ்ப்பாணம்.

விடயம்: 17.03.1993 அன்று கொக்குவிலில் நடைபெற்ற சிறு இயந்திரத் திருத்துநர் செயன்முறைப் பரீட்சையின் பெறுபேற்றை மீளாய்வு செய்யக் கோருதலும், வவுனியா மறுதேர்வுக்கு எங்களை அழைப்பதை நிறுத்தக் கோருதலும்.

மதிப்புக்குரிய ஐயா,

மேற்படி பரீட்சைக்குத் தோற்றிய பதினொருவரில் நானும் ஒருத்தி. எனது சுட்டெண் 07. பதினொருவரில் ஒருவர்கூடச் சித்தியடையவில்லை. இதுபற்றி ஏற்கெனவே இரண்டு கடிதங்கள் எழுதினேன். முதலாவதற்குப் பதில் வந்தது. அந்தப் பதிலால் நடந்ததைத் தெரிவிப்பதே இம்மனுவின் நோக்கம்.

1. நாங்கள் அனைவரும் மயிலிட்டியையும் அதை அண்டிய கரையோரத்தையும் சேர்ந்தவர்கள். 1990 ஆனியில் உடுத்த உடுப்போடு வெளியேறினோம். மீன்பிடி தடைசெய்யப்பட்டுக் கடல் மூடப்பட்டபின் எங்கள் வீடுகளில் எவருக்கும் தொழில் இல்லை. சென்ற வருடம் முகாம் சுவரில் சபையின் அறிவித்தல் ஒட்டப்பட்டது. “இப்பயிற்சியைப் பெறுவோர் எவ்வூருக்குச் சென்றாலும், எத்தொழிலைத் தொடங்கினாலும் தமக்குக் கைகொடுக்கும் திறனைப் பெறுவர்” என்று அதில் இருந்தது. அந்த வசனத்தை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். உயர்தரத்தில் வர்த்தகம் படித்த எனக்கு இயந்திரத்தில் விருப்பம் இருந்ததில்லை. அந்த வசனத்தை நம்பியே சேர்ந்தேன்.

2. அறிவித்தல் பொய் சொல்லவில்லை என்பதையும் இங்கே கூற வேண்டும். பயிற்சியில் படகு இயந்திரத்தில் பழகியதை வைத்து நாங்கள் தோட்டங்களின் நீரிறைக்கும் இயந்திரங்களைத் திருத்தினோம். பிறகு அரைக்கும் ஆலை, பிறகு ஜெனரேற்றர். புத்தூரில் திரு. முத்துக்குமாரு என்பவர் முதலில் எங்களைத் தம் கிணற்றடிக்கு விடவே தயங்கினார். ஏனென்று தாங்கள் அறிவீர்கள். அவரது இயந்திரத்தைக் கத்தரீனாவும் நானும் அரைநாளில் ஓட வைத்தோம். அதன்பின் அவரே மற்றத் தோட்டக்காரரிடம், “உந்தப் பிள்ளையள் வந்திராட்டி என்ரை வெங்காயம் முழுக்கக் கருகியிருக்கும்” என்று கூறித் திரிந்தார். அவர் கையொப்பமிட்ட கடிதத்தை இணைத்துள்ளேன்.

3. பொருளாதாரத் தடையால் இங்கே பெற்றோல் இல்லை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. மருந்துக் குப்பியொன்றில் காப்பாற்றி வைத்திருக்கும் பெற்றோலில் நான்கு துளியைக் காபரேற்றருக்குள் விட்டுக் கயிற்றை இழுப்போம். இயந்திரம் பிடித்ததும் மண்ணெண்ணெயில் ஓட விடுவோம். புகை வரும், கண் எரியும், பிளக் கரிபிடிக்கும். கரியைச் சுரண்டிவிட்டுத் திரும்பவும் போடுவோம். இன்று குடாநாட்டில் ஓடும் இயந்திரங்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

4. பரீட்சைக்கென்று சபை பெரும்பாடுபட்டு மூன்று போத்தல் பெற்றோல் எடுத்துத் தந்திருந்தது. அது எல்லோருக்கும் போதுமானது என்பதை நாங்கள் பின்னர்தான் அறிந்தோம். சபையின் பரீட்சைக் கைநூலின்படி பரீட்சார்த்தி எரிபொருள் தாங்கியில் பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை ஓட்டிக்காட்ட வேண்டும். முதலில் அழைக்கப்பட்டவர் சுட்டெண் 01, நீக்கிலாப்பிள்ளை கத்தரீனா. அவர் போத்தலைத் திறந்து நான்கு துளி மட்டும் விட்டார். பிறகு இறுக மூடி மேசையில் வைத்துவிட்டு, தாங்கியில் மண்ணெண்ணெயை ஊற்றினார். ஏன் பெற்றோலை ஊற்றவில்லை என்று பரீட்சகர் கேட்டபோது, “மற்றாக்களுக்கும் வேணுமெல்லோ, சேர்” என்றார். ஒரே இழுவையில் இயந்திரம் பிடித்தது. அவருக்குப் பின் நாங்கள் பத்துப் பேரும் அப்படியே செய்தோம். போத்தல்கள் ஏறக்குறைய நிறையவே சபைக்குத் திரும்பின. பதினொருவரின் தாளிலும் “எரிபொருள் முறை பிழை” என்று எழுதப்பட்டது. கைநூலின் விதிப்படி அப்பிழை செய்தவருக்குச் சித்தி இல்லையாம்.

பிழைதான், ஐயா. கைநூலைப் படித்திருந்தும் கை தன் பழக்கத்துக்குப் போய்விட்டது. அதை மறைக்க நான் இம்மனுவை எழுதவில்லை. ஆனால் அது வேலை தெரியாதவர்கள் விட்ட பிழை அல்ல. மூன்று வருடமாகப் பெற்றோலைத் துளியாக மட்டும் கண்டவர்கள், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கும்போது போத்தலைக் கவிழ்த்து ஊற்றுவார்களா?

5. பரீட்சகர் திரு. ஆழ்வாப்பிள்ளையை நான் குறைகூறவில்லை. அன்று மாலை அவர் புறப்பட்டபோது அவரது மோட்டார் சைக்கிள் பிடிக்கவில்லை. அதுவும் மண்ணெண்ணெயில் ஓடுவதுதான். கத்தரீனாவே பிளக்கைக் கழற்றித் துடைத்து, அவருடைய குப்பியிலிருந்தே துளி விட்டு உதைத்துக் கொடுத்தார். “உன்ரை கை நல்ல கை, பிள்ளை. நான் என்ன செய்யிறது, புத்தகத்திலை அப்பிடி இல்லையே” என்று சொல்லிவிட்டு அவர் போனார். அவர் நல்லவர். எனக்கு அன்றும் ஆத்திரம்தான், இன்றும் ஆத்திரம்தான்.

6. எனது முதற் கடிதத்துக்கு 24.05.1993 அன்று சபை எழுதிய பதில் இது: “மீளத் தோற்ற விரும்புவோர் 21.06.1993 அன்று வவுனியாவில் நடைபெறும் மறுதேர்வுக்குச் சமுகமளிக்கலாம். அங்கு பெற்றோல் தட்டுப்பாடின்றிக் கிடைக்கும்.”

இதை எழுதியவர் வவுனியாவுக்கு எந்தப் பாதையால் போவது என்பதையும் எழுதியிருக்கலாம். தரைப்பாதை இல்லை. கிளாலியில் படகேறி நீரேரியைக் கடக்க வேண்டும். கடப்பவர்கள்மீது துப்பாக்கிச் சூடு விழுகிறது. யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஓர் அலுவலகத்துக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக உள்ளது.

கத்தரீனா போனார். நிவாரண நிறுவனமொன்றின் குடிநீர்த் திட்டத்தில் இயந்திர இயக்குநர் வேலைக்கு எங்களில் ஐவர் விண்ணப்பித்திருந்தோம். சான்றிதழ் இல்லாமல் எடுக்கமாட்டார்கள். “எடி பிள்ளை, ஒரு கடுதாசிக்கோ போறாய்?” என்று தாயார் லூர்த்தம்மா மறித்தார். “அந்தக் கடுதாசி இல்லாட்டி நான் எங்கை போனாலும் சும்மா ஆள்தானம்மா” என்று கத்தரீனா கூறியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். நான் மறிக்கவில்லை. காய்ச்சல் இல்லாதிருந்தால் நானும் அவரோடு போயிருப்பேன்.

17.06.1993 அன்று அவர் ஏறிய படகு மறுகரை சேரவில்லை. மூன்றாம் நாள் உடல் கரையொதுங்கியது. அடையாளம் காட்ட நான் போனேன். முகத்தை வைத்துச் சொல்ல முடியவில்லை. இடுப்பில் பொலித்தீன் பையில் சுற்றிக் கட்டியிருந்த பரீட்சை அனுமதி அட்டையை வைத்துச் சொன்னேன். சுட்டெண் 01 என்பது நனையாமல் இருந்தது.

7. ஆடி மாதம் சபையிலிருந்து மறுதேர்வுப் பெறுபேற்றுப் பட்டியல் முகாமுக்கு வந்தது. அதில் கத்தரீனாவின் பெயருக்கு எதிரே “சமுகமளிக்கவில்லை” என்று உள்ளது. அதைத் திருத்துமாறு எழுதிய எனது இரண்டாவது கடிதத்துக்கு இன்றுவரை பதில் இல்லை. லூர்த்தம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது என்று அவர் என்னைக் கேட்டார். நான் பொய் சொன்னேன்.

8. ஆகவே, பதினொருவரையும் கொக்குவிலிலேயே மீண்டும் பரீட்சித்து, மண்ணெண்ணெயில் இயந்திரத்தை ஓட்டிக்காட்ட அனுமதிக்குமாறு கேட்கிறேன். பதினொருவர் என்று பழக்கத்தில் எழுதிவிட்டேன், பத்துப் பேர். கத்தரீனாவின் மார்ச் மாதத் தாளை மீளாய்வு செய்து, அவருக்குரிய சான்றிதழைத் தாயாரிடம் ஒப்படைக்குமாறும் வேண்டுகிறேன். அன்று இயந்திரம் ஓடியதற்குத் திரு. ஆழ்வாப்பிள்ளையே சாட்சி.

9. அடுத்த மறுதேர்வு 20.09.1993 அன்று வவுனியாவில் நடைபெறும் எனச் சபை அறிவித்துள்ளது. வேலைக்குரிய சான்றிதழை நிவாரண நிறுவனத்திடம் அடுத்த மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும். அவ்வேலைக்கு விண்ணப்பித்த ஐவரில் மிகுதி நால்வரும் பெயர் கொடுத்துள்ளோம். எங்களுக்குப் பயம் இல்லையென்று எவரும் எண்ண வேண்டாம். சரியான பயம். ஆனால் மூன்று வருடமாக நிவாரண அரிசிக்கு வரிசையில் நிற்கிறோம், இனியும் நிற்க மனமில்லை. தங்கள் பதில் 15.09.1993க்கு முன் கிடைக்காவிட்டால் மறுநாள் நாங்கள் கிளாலிக்குப் புறப்படுவோம்.

நாங்கள் போய்ச் சேராவிட்டால், சுட்டெண் 03, 07, 08, 11 ஆகியவற்றுக்கு எதிரே “சமுகமளிக்கவில்லை” என்று எழுத வேண்டாம் என்பதையும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்) இ. பத்மாசினி
சுட்டெண் 07

இடம்: புத்தூர்
திகதி: 23.08.1993